கயிற்றோடு வந்தவள்

அவசரப் பிரிவு நர்ஸுக்கு முன்பெல்லாம் பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். கண் மூடித் திறப்பதற்குள் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் பறந்துவிடுவாள். இப்போது வாந்திக்கான ஊசி மருந்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் ஏற்றுகிறாள். பெயர் ஆமையாகிவிட்டது. ஏன் இப்படி மாறினாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய வண்டவாளமே அதில்தான் இருக்கிறது.

நான்கு வருடம் முன்பு ஒரு வெல்டர், குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தான். மருந்தைப் பத்தே நொடியில் நரம்பில் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில், "உடம்புக்குள்ள என்னமோ பண்ணுது, என்னை விடுங்க!" என்று துள்ளி எழுந்தான். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கட்டிலைக் கவிழ்த்தான். கண்ணாடிக் கதவைத் தலையால் முட்டி உடைத்தான். காவலாளிகள் மூன்று பேர் தடியால் வெளுத்து வாங்கினார்கள். இடது கண் போயிற்று. வேகமாகத் தள்ளினால் இப்படி ஆகலாம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சீட்டில் "முரட்டு நோயாளி" என்று எழுதினாள், பாவி.

இன்று காலை அதே வெல்டர் வாந்தியோடு வந்தான். கூட வந்த மனைவியின் கையில் நைலான் கயிறு.

"கட்டிப் போட்டுட்டு ஊசி போடுங்க சிஸ்டர். இவருக்கு எப்ப வெறி புடிக்கும்னே தெரியாது. அன்னையிலேர்ந்து புள்ளைங்கள இவர்கூடத் தனியா விடுறதே இல்ல."

வெல்டர் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினான்.

நர்ஸ் கயிற்றை ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அவன் கையில் கொடுத்து மூக்கருகே பிடிக்கச் சொன்னாள். "மெதுவா இழுத்து மூச்சு விடுங்க, குமட்டல் அடங்கும். அந்த மருந்து இனி உங்களுக்கு வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்றேன்." பிறகு மனைவியைப் பார்த்தாள். "அன்னைக்கு இவருக்கு வெறி புடிக்கலம்மா. நான் அவசரமா ஊசி போட்டதுதான் இவரை அப்படி ஆட்டிச்சு. நான் மறைச்சிட்டேன்."

மனைவி விட்ட முதல் அறையில் நர்ஸின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் கடைவாயில் ரத்தம் வழிந்தது. "கண்ணு போச்சேடி, சண்டாளி!" என்று கத்திக்கொண்டே மனைவி கயிற்றால் முகத்தில் விளாசினாள். காவலாளி தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். நர்ஸ் குறுக்கே பாய்ந்து அந்த அடியைத் தோளில் வாங்கினாள். "அவங்கமேல கைய வச்சீங்க, நடக்கிறதே வேற!"

எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். வெல்டர் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு மனைவியிடம் கேட்டான்.

"அப்ப, ராத்திரி புள்ளைங்க பக்கத்துல நான் படுத்துக்கலாமா?"