வங்காலைக்கு நின்று நின்று போன கார்

ஞாயிறு காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் என் வீட்டுப் படலையைத் தாண்டினேன். போகவேண்டிய இடம் மன்னார்க் கரையிலுள்ள வங்காலை. பிற்பகல் நான்கு மணிக்கு அங்குள்ள கோயிலில் மனைவியின் தம்பி மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். ஞானத்தாய், மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை மெற்றில்டா. அவள் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாயில் இருக்கிறாள். அவளையும் ஏற்றிக்கொண்டு வருவது என் பொறுப்பு. பாதர் நாலரைக்கு இன்னோர் ஊரில் பூசை வைக்கவேண்டியவர். "நாலு எண்டால் நாலு" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மனைவி முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டாள். "ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் உங்கடை காரிலை வந்தால், பிள்ளை சென்மபாவத்தோடைதான் பள்ளிக்கூடம் போகும்" என்பது அவளுடைய கணிப்பு.

காருக்கு வயது முப்பத்தாறு. நோய் இதுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை இருமி, ஒரு முறை விக்கி, நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோலப் புறப்படும். ஊருக்குள் இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஓடுவதற்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். மின்சாரம் தெரிந்தவர் கொயிலை மாற்றினார். காபரேற்றர் தெரிந்தவர் அதைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர் பெற்றோல் பம்ப் விற்பவர். பெற்றோல் பம்பை மாற்றினார். மூவர் முன்னாலும் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் விட்டுவிடுமே, அந்த மாதிரி.

ஆகவே இம்முறை நானே நோயைக் கண்டுபிடிப்பதென்று, ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். நின்ற நேரம், ஓடிய தூரம், வெயில், வேகம், தாங்கியில் பெற்றோல் அளவு என்று கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருந்தேன். படித்த மனிதன் ஒரு யந்திரத்திடம் தோற்பதா?

முற்பகல் 11.35. சங்குப்பிட்டி, பூநகரி எல்லாம் கடந்து, வெள்ளாங்குளத்துக்கு அருகே முதல் நிற்பு. ஓடிய தூரம் 61 கிலோமீற்றர், தாங்கி கால்வாசி. வயல் பக்கமிருந்து உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் இறங்கி எட்டிப் பார்த்தார்.

"சூடாக்கும் ஐயா. பம்புக்கு மேலை ஈரச் சாக்குப் போடுங்கோ."

"இண்டைக்கு வெயிலே இல்லையே தம்பி."

"அப்ப குளிராக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஈரச் சாக்கு இல்லாமலே பத்து நிமிடத்தில் கார் புறப்பட்டது. நான் கொப்பியில் 'வெப்பம் அல்ல' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தேன். அறிவு வளர்ந்துகொண்டிருந்தது.

பகல் 1.10. மன்னார். பஸ் நிலையத்துக்கு அருகே நடுவீதியில் நின்ற கழுதைக்கு ஹோர்ன் அடித்தேன். அசையவில்லை. "அது நிண்டால் நிண்டதுதான் அண்ணை, சுத்திப் போங்கோ" என்றார் பின்னால் வந்த ஆட்டோக்காரர். அந்தக் கழுதைமீது எனக்கு மரியாதை வந்தது. அது யாரையும் பம்ப் வாங்க வைக்கவில்லை. சாப்பாடு, சோறும் பாரை மீன் குழம்பும், 600 ரூபாய். பிறகு, எதற்கும் முற்காப்பாக இருக்கட்டும் என்று பெற்றோல் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பினேன். மூடியை வழக்கம்போல நானே திறந்து, நானே இறுக்கினேன். அதில் எனக்கென்று ஒரு சொந்த ஏற்பாடு உண்டு. பிறர் கைபடுவது பிடிக்காது.

பிற்பகல் 2.05. ஓலைத்தொடுவாய், நகரிலிருந்து என் மீற்றரின்படி ஒன்பது கிலோமீற்றர். கரையில் மீன்பிடிப் போட்டுகளை ஏற்றியிருந்தார்கள். மெற்றில்டா பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக, பிள்ளைக்கான வெள்ளைச் சட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவளுடைய கணவருக்கு ஒரு போட் உண்டு. அவர் கடலில், கரை நிர்வாகம் முழுவதும் இவள்தான்.

"அத்தான், உது போய்ச் சேருமோ, இல்லாட்டி நான் பஸ்ஸிலை வாறனோ?"

"நீர் ஏறும். எனக்கு இப்ப இந்தக் காரைப் பற்றித் தெரியாதது ஒண்டுமில்லை" என்றேன்.

தேநீர் குடித்து 2.50க்குப் புறப்பட்டோம். 3.12க்கு, தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் நீண்ட பாலத்து வீதியின் நடுவில், இருபுறமும் தண்ணீராய் இருந்த இடத்தில், கார் இருமியது, விக்கியது, நின்றது. பின்னால் வந்த பஸ் எங்களருகில் நிதானித்தது. "வங்காலைக்கோ? ஏறுங்கோ!" என்று கொண்டக்டர் கத்தினார்.

"வேண்டாம். அஞ்சு நிமிசத்திலை வெளிக்கிட்டிடும்" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

பஸ் சின்னதாகி மறையும்வரை மெற்றில்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொப்பியில் நேரத்தையும் தூரத்தையும் எழுதிவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. 3.22க்கு மறுபடி. ஒன்றுமில்லை. பத்து நிமிட விதியை முதல்முறையாகக் கார் மீறியது. காற்று அவளுடைய சேலையை இழுத்தது; ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் கொப்பியைப் புரட்டினாள்.

"அத்தான், கால்வாசி இருக்கேக்கை அறுவது கிலோமீற்றர் ஓடியிருக்கு. கழுத்துமட்டும் நிரப்பினாப்பிறகு இருபத்தொண்டுதான். நிறைய இருந்தால் கெதியா நிக்குது. இதை நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

"ஓம்."

"எழுதினதை ஆர் வாசிக்கிறது?"

நான் பிளக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் காரின் பின்பக்கம் போய்விட்டாள்.

"எங்கடை போட் எஞ்சின் கடலுக்குள்ளை நிண்டால் முதல் எண்ணெய்த் தாங்கி மூடியைத்தான் பாப்பம். அதிலை ஒரு சின்னத் திருகாணி இருக்கு. அதைத் தளத்திவிட வேணும். உள்ளுக்குக் காத்துப் போகாட்டி எண்ணெய் வெளியிலை வராது. ஒருக்கால் எங்கடை மனிசன் அதை மறந்து, நடுக்கடலிலை எஞ்சினைக் கழட்டி, பாதி ஆணியைக் கடலுக்குள்ளை விட்டிட்டு வந்தவர். அண்டையிலை இருந்து நான் திருகாணியைப் பாக்காமல் போட்டைத் தள்ள விடுறேல்லை. உங்கடை மூடியிலை காத்துப் போக ஓட்டை இருக்கோ?"

"இருந்தது" என்றேன்.

"இருந்ததோ?"

மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று, நீண்ட நாள் அடக்கிவைத்த பெருமூச்சுபோல ஒரு சத்தம். மூடியின் அடியில் என் சொந்த ஏற்பாடு: கடைப் பொலித்தீன் பை, மூன்று மடிப்பு, இறப்பர் வளையம் போட்டுக் கட்டியது. பெற்றோல் தட்டுப்பாடு வந்து, வரிசையில் இரவு பகலாகக் காரோடு கிடந்த காலத்தில், மூடியிலுள்ள அந்தச் சிறிய துளையால் என் பெற்றோல் ஆவியாகிப் போகிறதென்று கண்டுபிடித்து அடைத்தது. வரிசை போய்விட்டது, பை போகவில்லை. பழையது பழுதாகும்போது புதிதாக மாற்றுவேன்.

"கடைசியா எப்ப மாத்தினனீங்கள்?"

"நேற்று. தூரப் பயணமெல்லே."

மெற்றில்டா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "மூண்டு மெக்கானிக்குக்கும் இதைச் சொன்னனீங்களோ?"

"அவை கேக்கேல்லை."

பெற்றோலில் ஊறிய பையை அவசரமாக இழுத்தேன். அது கிழிந்து, தளும்பத் தளும்ப நிறைந்திருந்த தாங்கியிலிருந்தும் ஒரு வாய் சேர்ந்து, என் வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் தெறித்தது. பார்க்க நேரமில்லை. மூடியைப் பூட்டித் திறப்பைத் திருப்பினேன். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. நேரம் 3.37.

தள்ளாடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினோம். நான் வேகத்தைக் கூட்டினேன். கார் இருமவில்லை. மூன்று மெக்கானிக்குகளும் நானும் சேர்ந்து தேடிய நோய், மடித்த பையாகப் பின்னால் ஒரு வாளிக்குள் கிடந்தது. "கண்ணாடியை இறக்குங்கோ அத்தான், மணம் தாங்கேலாது" என்றாள் மெற்றில்டா.

3.56க்கு வங்காலைக் கோயில் வாசல். மனைவி என் முகத்தையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று பாதர் கேட்டபோது, கோயில் முழுவதும் கேட்கும்படி "விட்டுவிடுகிறேன்" என்றேன். தண்ணீர் ஊற்றினார்கள், பிள்ளை ஒரு முறை வீரிட்டு அடங்கியது. அடுத்தது, கோயிலின் பெரிய பாஸ்காத் திரியில் ஒரு சின்ன மெழுகுதிரியைக் கொளுத்தி ஞானத்தகப்பன் கையில் கொடுக்கும் இடம். கொளுத்திய திரியோடு என்னை நோக்கி வந்த பாதர், இரண்டடி தூரத்தில் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"ஆரிட்டை இந்தப் பெற்றோல் மணம்?"

"என்னட்டைத்தான், பாதர்."

"கையிலையோ?"

"கை, சேட்டு, கொஞ்சம் வேட்டியிலையும்."

பாதர் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு பின்வாங்கினார். "மெற்றில்டா, நீர் பிடியும். ஐயா, நீங்கள் அந்தத் தூணடிக்குப் போங்கோ. அங்கை நிண்டு விசுவசிச்சால் போதும்."

போய் நின்றேன். மறுநாள் திரும்பி வருகையில் வீடுவரை கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்பதைப் பயணிகளின் தகவலுக்காகப் பதிந்துவைக்கிறேன். படங்கள் போன கிழமை வந்தன. எல்லாவற்றிலும் குடும்பம் ஒரு பக்கம் திரண்டிருக்க, பத்தடி தள்ளி, தூணோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்தபடி நிற்கிறார். பிள்ளை வளர்ந்து அது யாரென்று கேட்டால், நேரத்துக்கு வந்து சேர்ந்தவர் என்று மட்டும் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.