கூடை இறக்குகிற மாதிரி

மகளுக்குத் துணையாகத்தான் போனேன். தலவாக்கலையில் சனிக்கிழமை பின்னேரம் ஜூடோ பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் ஒற்றைக் காலில் நின்றாள். முதல் நாள் ஜோடி சேர்க்கும்போது ஒரு ஆள் குறைந்தது. பழக்குகிறவர் சிங்களவர்; எல்லாரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைக் கைகாட்டி, "நீங்க வாங்க" என்றார் தமிழில். முப்பத்தாறு வயதில் மெத்தையில் ஏறினேன். சிரித்த பிள்ளைகளை முறைத்தேன். அதில் என் மகளும் இருந்தாள்.

ஜூடோ என்றால் அடுத்தவரைத் தூக்கிப் போடுவது என்று நினைத்திருந்தேன். முதலில் விழப் பழக வேண்டுமாம். தலை குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகை உருட்டி மல்லாக்க விழ வேண்டும், கையை ஊன்றாமல் மெத்தையில் அடிக்க வேண்டும், தலை தரையில் படக் கூடாது. எனக்கு வரவே இல்லை. பதினாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். மழையில் வழுக்கும் மலையில் விழாமல் நிற்பதுதான் என் பிழைப்பு. சறுக்கினால் கை தானாகத் தேயிலைச் செடியைப் பிடிக்கும். இங்கே செடி ஏது? பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். என் பின்னந்தலை மெத்தையில் இடித்தது.

அடுத்த வாரமும் அதே கதை. சேர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அடுத்த சனிக்கிழமையும் சரியாக விழாவிட்டால் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தால் போதும், விழத் தெரியாதவரை மற்றவர்கள் தூக்கிப் போட விட முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். துணைக்கு வந்தவள்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது.

"எல்லாரும் விழாம இருக்கத்தான் பழகுவாங்க. நீ விழப் பழகுறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க சம்பளத்தன்னிக்குப் பழகாமலே விழுவீங்க. நான் பழகணும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கினேன். முதுகில் கூடை, அதன் கயிறு நெற்றியில். நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, மெல்லக் குந்தி, கூடை தரையில் படும்வரை கழுத்தை விடாமல் பிடித்து... அப்படியே அசையாமல் இருந்துவிட்டேன். சேர் தொண்டை வற்றச் சொன்னது இதைத்தானே.

"என்னாக்கா, இடுப்பு புடிச்சிக்கிருச்சா?" என்றாள் பின்னால் நின்றவள்.

"இல்லடி. விழுறதுக்கு வழி தெரிஞ்சிருச்சு."

சனிக்கிழமை மெத்தையில் நின்று, நெற்றியில் கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். நாடியை ஒட்டினேன், குந்தினேன், முதுகை உருட்டினேன். இரண்டு கையும் மெத்தையில் பட்டென்று அடித்தன. தலை படவில்லை. சேர் இன்னொரு தரம் விழச் சொன்னார். விழுந்தேன். இன்னொரு தரம். பத்துத் தரம் விழுந்தேன், பத்துத் தரமும் தலை அந்தரத்தில் நின்றது. பதினாறு வருடம் பாரம் இழுத்த கழுத்து. அன்றைக்குத்தான் அதை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

எங்கே பழகினீர்கள் என்று சேர் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கூடை இறக்குகிற இடத்தில் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, என்னை அவர்களுக்கு முன்னால் விட்டார்.

"நெத்தியில கயிறு இருக்குனு நெனச்சுக்குங்க" என்றேன். "பின்னால கூடை நெறையக் கொழுந்து. இப்ப எறக்குங்க."

முதலில் இறக்கியவள் என் மகள். அவள் தலை மெத்தையில் படவில்லை.