லினக்ஸில் குயிக் சார்ட் ஏன் தோற்றது

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டரில் எனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரு புராஜெக்ட். எண்களை வரிசைப்படுத்தும் முறைகள் விண்டோஸில் வேகமா, லினக்ஸில் வேகமா என்று ஒப்பிட வேண்டும். லேப்டாப் என்னுடையது. அதனால் ஓட்டிப் பார்த்ததெல்லாம் பாறசாலையில் என் வீட்டில்; எண்கள் இருந்த ஃபைலை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் பென் டிரைவில் எடுத்துப் போட்டது மட்டும் அவள். அவள் காரக்கோணத்துக்காரி; ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக கம்ப்யூட்டர் டீச்சர். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இந்த முறையும் பட்டம் வாங்காவிட்டால் ஜூனில் வரவேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

லினக்ஸில் மற்ற முறைகள் ஒழுங்காக ஓட, வேகத்துக்குப் பேர்போன குயிக் சார்ட் மட்டும் ஆமையாக நகர்ந்தது. அவளுக்கு உறுத்தியது.

"இது இப்பிடி வராதே மக்கா. ஒருக்கா கூடி ஓட்டிப் பாப்பமா?"

எனக்குச் சோம்பல், அதைவிடத் திமிர். அதுதான் கண்டுபிடிப்பு, அப்படியே எழுது என்றேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் விண்டோஸ் பற்றி நான், லினக்ஸ் பற்றி அவள் என்று பங்கு பிரித்ததும் நான்தான்.

வைவா அன்று காலை, பஸ் நெய்யாற்றின்கரை தாண்டும்போது சும்மா புரோகிராமைத் திறந்து பார்த்தேன். விண்டோஸில் எல்லா முறையும் ஓடி முடிந்ததும், அடுக்கிய எண்களை அதே ஃபைலின் மேலேயே எழுதும்படி வைத்திருந்தேன். லினக்ஸுக்குப் போனது ஏற்கெனவே வரிசையில் நின்ற எண்கள். முதல் எண்ணை வைத்துப் பிரிக்கும் எங்கள் குயிக் சார்ட்டுக்கு அதுதான் எமன். பாவம், லினக்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. பக்கத்தில் அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் பயந்துவிடுவாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய். என் மார்க் போய்விடும் என்று பயந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளிடம் ஃபைலைத் திறக்கச் சொன்னார். எண்கள் ஏறுவரிசையில் நின்றன. இதை யார் தயார் செய்தது என்று கேட்டார். தன் பகுதி என்பதால் அவள் தான்தான் என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை மட்டும் அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அமரவிளை நெருங்கியபோது, காரக்கோணம் பஸ்ஸுக்கு மாற அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பென் டிரைவில காப்பி பண்ணும்ப நான்தான் எதையோ மாத்திப்போட்டேனாக்கும். உனக்க மார்க்கும் போயிருக்குமா மக்கா?"

இல்லை என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.