நாங்க இருக்கோம்

எங்கள் கோவில் தீமிதியில் இப்போதெல்லாம் 'கோவிந்தா' முழக்கம் ஒலிப்பெட்டியிலிருந்துதான் வருகிறது. முழங்க வேண்டிய மனிதர் கூட்டத்தின் கடைசியில் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பார். பெயர் தேவேந்திரா, ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜெண்ட், நசியாவில் வீடு. கமிட்டிக்காரர்கள் வருஷா வருஷம் கெஞ்சுவார்கள். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டிவிடுவார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்கு ஜீப் ஓட்டிய ஷைலேந்திரா நான், எனக்குத் தெரியாதா?

அப்படி ஒரு குரல் அது. வாட்டசாட்டமான ஆளில்லை, தொப்பியைக் கழற்றினால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பார். ஆனால் தீக்குழி ஓரம் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் காப்பு கட்டியவனுக்குக் கால் கூசாது. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம் நாங்கள். எங்கள் ஊரில் வீட்டுப் பேச்சு இந்தி, ஆபீஸ் பேச்சு ஆங்கிலம். தமிழ் சாமிக்கு என்று ஆகிப்போய் ரொம்ப நாளாகிறது. நானும் அவரும் சங்கம் நடத்திய தமிழ்ப் பள்ளியில் படித்ததால் எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாக ஒட்டிக்கொண்டது. தமிழில் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் பெரியவர்கள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அந்த மொழியில் அவர்களிடம் யாரும் பொய் சொன்னதில்லை.

இரண்டாயிரமாம் வருஷம் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு போய், எங்கள் இந்திய வம்சத்துப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அந்தத் தீ எங்கள் வடக்குத் தீவுக்கும் வந்தது. புலிலேகாவுக்கு அப்பால் ஒரு சின்னக் கரும்புக் குடியிருப்பு. பொழுது சாய்ந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு கும்பல் வரும், ஆடு மாடு போகும், அடி விழும். அதனால் அங்கிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கரும்புக்குள் போய்ப் படுத்தார்கள். அது நல்ல ஏற்பாடு. கரும்புக்குள் புகுந்தவனை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் ஊரடங்கு வந்தது. எங்களுக்கு அதிகாரம் கொட்டிக் கிடந்தது. யாரையும் நிறுத்தலாம், எந்த வீட்டிலும் நுழையலாம், காரணம் சொல்லாமல் பிடித்து வைக்கலாம். ஆணை எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டாலும் சொல்ல ஆளில்லை, காலையில் இருந்த மேலதிகாரி மாலையில் மாறியிருப்பார். இருட்டிய பிறகு வெளியே இருப்பவரைக் கைது செய், வீட்டுக்குள் இருக்கச் சொல்லி அறிவி என்றார் எங்கள் இன்ஸ்பெக்டர். அறிவிக்க யாரை அனுப்புவார்? குரல் யாருக்கு இருக்கிறதோ அவரைத்தான்.

சாயங்காலம் ஜீப்பை மெதுவாக ஓட்டினேன். தேவேந்திரா முதலில் இந்தியில் சொன்னார். சனங்கள் பாயும் கையுமாக நின்று பார்த்தார்களே தவிர நகரவில்லை. நாங்கள் அண்ணி என்று கூப்பிடும் அஞ்சலையின் வாசலில் அவள் புருஷன் சிவன் போர்வையோடு நின்றிருந்தார், கரும்புக்குப் போகத் தயாராக. தேவேந்திராவுக்குக் கோவிலில் கூடமாட நின்றவர் அவர். அவரைப் பார்த்ததும் சார்ஜெண்டுக்கு மனசு கேட்கவில்லை. மைக்கில் தமிழுக்கு மாறினார்.

"எல்லாரும் வூட்டுக்குள்ள இருங்க. பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

வீட்டுக்குள் இருங்கள் என்பது ஆணை. நாங்க இருக்கோம் என்பதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அது அவராகச் சேர்த்தது, பிரியத்தில் சேர்த்தது. சிவன் சிரித்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, போர்வையை உள்ளே கொண்டுபோனார். ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள்.

பாலம் தாண்டி ஜீப்பை நிறுத்தினோம், இரவு முழுக்க அங்கேதான் காவல் என்று. வயர்லெஸ் கூப்பிட்டது. உடனே திரும்பி வா, ஸ்டேஷனைக் காக்க ஆள் வேண்டும். "இங்க சனங்க இருக்காங்க சார்" என்று தேவேந்திரா மன்றாடினார். இது மேலிடத்து ஆணை என்றது வயர்லெஸ். வண்டியைத் திருப்பினேன். ஊரை உள்ளே பூட்டச் சட்டத்தில் இடமிருந்தது, பூட்டிய ஊருக்குக் காவல் நிற்க ஒரு நாதியில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

விடிந்ததும் நாங்கள் அங்கே போனபோது சிவனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கதவை உடைத்து அடித்திருக்கிறார்கள். அஞ்சலை அழவில்லை. தேவேந்திராவைப் பார்க்கவும் இல்லை.

அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜீப்பில் போகும்போது திடீரென்று நிறுத்தச் சொல்லிக் காது கொடுப்பார். "யாரோ மைக்குல பேசறாங்கடா, கேக்குதா?" என்பார். ஒன்றும் கேட்காது. "என் குரலுடா அது" என்பார்.

சில வருஷம் கழித்துப் புயலும் வெள்ளமும் வந்தன. அதே குடியிருப்பை ஆறு வளைத்துக்கொண்டது. எல்லோரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும், மறுத்தால் தூக்கிக்கொண்டு வர அதிகாரம் உண்டு என்று உத்தரவு. லாரியைப் பின்னால் நிறுத்திவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார் தேவேந்திரா. குரல் எழும்பவில்லை. நான் வாங்கி இந்தியில் கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லோரும் ஜன்னல் வழியே அஞ்சலை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படிக்கட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, தண்ணி ஏறுது. எந்திரிங்க" என்று கிட்டே போய்ச் சொன்னார் தேவேந்திரா.

"அன்னிக்கு உள்ள இருன்னே. இன்னிக்கு வெளிய வான்றே. எதைய்யா நம்பறது போலீஸ்காரரே?"

"தூக்கி வண்டில போட்டுடலாம் சார். சட்டம் இருக்கு" என்றேன்.

"சட்டம் அன்னிக்கும் இருந்துச்சு" என்றவர், அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. "நீங்க வர்ற வரைக்கும் நானும் போகல."

வயர்லெஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது, அடுத்த படிக்கு ஏறியது. அவர் அப்படியே இருந்தார். அஞ்சலை அவர் பிடரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தண்ணீரில் இறங்கி என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"மைக்க குடு."

வாங்கி, தமிழில்தான் பேசினாள். "அஞ்சலை பேசறேன். எல்லாரும் வெளிய வாங்க. வண்டி நிக்குது. நான் பாத்துட்டேன், நிக்குது."

கதவுகள் திறந்தன. கிழவர்களை, குழந்தைகளை, கோழிக்கூடைகளைக்கூட ஏற்றினோம். ஓர் உயிர் போகவில்லை. கணக்குத் தீர்ந்தது என்று ஊர் சொன்னது, நானும் அப்படித்தான் நம்பினேன்.

கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்ததும் அஞ்சலையின் மகள் இந்திராவதி அவளை ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டாள். வழியனுப்ப தேவேந்திரா விமான நிலையத்துக்கு வந்தார், சீருடையில்லாமல், முழுக்கைச் சட்டை போட்டு. என்னைத் துணைக்கு இழுத்து வந்திருந்தார். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவள் முன்னால் நின்றார். அந்தக் குரல் ஒரு நூலளவுக்குத்தான் வந்தது.

"அண்ணி, மனசுல இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

அஞ்சலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் தம்பி என்று கூப்பிட்டாள்.

"உன் மேல கோவம் இல்ல தம்பி. அன்னிக்குக் கரும்புக்குப் போயிரலாம்னு நான் அவரைக் கையைப் பிடிச்சு இழுத்தேன். அவருதான் வரல. நம்ம தேவேந்திரா தமிழ்ல சொல்றான், அப்புறம் என்னடின்னு சொல்லி, பாயை விரிச்சு நிம்மதியாப் படுத்தாரு."