பீங்கான் கடை மாடு

தம்ளர் கீழே விழுந்தால் போதும், எங்கள் வீட்டில் யார் கை தவறியது என்று கேட்கவே மாட்டார்கள். "வந்துட்டுது பாரு, பீங்கான் கடை மாடு" என்பாள் அம்மா என்னைப் பார்த்து. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பா. சிதம்பரத்தில் பி.ஏ. படித்துவிட்டு விருத்தாசலம் திரும்பியவர், கொண்டுவந்த இங்கிலீஷை எங்கள் மேல் தெளித்துக்கொண்டிருந்தார். பீங்கான் கடைக்குள் மாடு புகுந்தால் எல்லாம் தவிடுபொடிதானே? போகிற இடமெல்லாம் உடைக்கிற ஆளை வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்வானாம்.

எங்களுடையது ஊறுகாய் ஜாடி செய்கிற பட்டறை. சுடாத பச்சை ஜாடிகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, பலகையைத் தோளில் ஏற்றி முற்றத்துக்குக் காயவைக்கக் கொண்டுபோவார்கள். ஒரே ஒரு பலகையாவது தூக்கிவிட வேண்டும் என்று ஆறாங்கிளாஸ் படித்த எனக்குக் கொள்ளை ஆசை. சித்தப்பா அந்த மாட்டைச் சொல்லியே என்னை வாசலில் நிறுத்திவிட்டார்.

அந்த மாட்டுப்பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு வண்டிமாடு, கொம்பில் சிவப்பு வர்ணமும் கழுத்தில் மாலையுமாக, வெடிச்சத்தத்தில் மிரண்டு எங்கள் முற்றத்துக்குள் புகுந்துவிட்டது. முற்றம் முழுக்க ஜாடி. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாடோ நின்று மூச்சு வாங்கியது. பிறகு வரிசைகளுக்கு நடுவே குளம்பைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தது. ஒரு ஜாடியை நக்கிப் பார்த்துப் பிடிக்காமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே சித்தப்பா பாய்ந்தார். புது வேட்டி ஒரு பலகையின் முனையில் மாட்டிக்கொண்டது. முதலில் ஒரு வரிசை சரிந்தது, அதன்மேல் அடுத்த வரிசை, எல்லாவற்றுக்கும் மேலே சித்தப்பா. மாடு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது.

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "பச்ச மண்ணுதான்டா, தண்ணியில ஊறப்போட்டா மறுபடியும் ஜாடியாயிடும். நீ எழுந்து வா" என்றார்.

பொங்கல் முடிந்து பட்டறை திறந்த காலையில் அப்பாவே என் தோளில் பலகையை ஏற்றிவிட்டார். "வாம்மா, மாடு மாரி பாத்து நட" என்றார். ஒரு ஜாடிகூட ஆடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

அன்றைக்கே பள்ளிக்கூடத்தில், மைப் புட்டியைத் தட்டிவிட்ட பையனை இங்கிலீஷ் சார் பீங்கான் கடை மாடு என்று திட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "மாடு ஒண்ணும் உடைக்காது சார். பி.ஏ. படிச்சவங்கதான் உடைப்பாங்க."

சார் என்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார். பலகை பதிந்த தோள் வலிக்க வலிக்கப் பெருமையாகத்தான் நின்றேன். கண்ணால் பார்த்ததைச் சொன்னதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்றுதான் விளங்கவில்லை. சாரும் பி.ஏ. என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.