அசையாமல் நிற்க வேண்டியவள்

டார்லிஸ் ஹாம்கே இருபத்தாறு வருடம் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டினாள். சோளக் காட்டு நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லாத குறுக்குச் சாலையிலும் நிறுத்திவிட்டுத்தான் கடப்பாள். எதிரே வருகிறவன் பார்த்துத்தான் வருவான் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அந்த அவநம்பிக்கை அவளுக்கு வந்தது 1956 குளிர்காலத்தில். ஊரில் சிலர் 55 என்கிறார்கள், தவறு. 55இல் எங்கள் பெண்கள் மாவட்ட இறுதி ஆட்டத்துக்கே போகவில்லை.

அப்போது அயோவாவில் பெண்கள் கூடைப்பந்து பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடை போட, மூன்று பேர் காவல். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. இரண்டே தட்டில் ஒருத்தி தனியாகக் காவல்காரியை ஏமாற்றிவிட முடியாது. கூட்டாளி வழி செய்து கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் கூடை போட்டவள் லவோன் டீக்கன். வழி செய்தவள் டார்லிஸ். லவோனைத் துரத்தி வரும் காவல்காரியின் பாதையில் போய், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மரம் மாதிரி நிற்பாள். காவல்காரி அவள்மேல் முட்டித் தடுமாறுவதற்குள் லவோன் நழுவிப் போய்ப் பந்தை எறிந்துவிடுவாள்.

துரத்துகிறவள் பந்தைத்தான் பார்ப்பாள், பாதையைப் பார்க்க மாட்டாள். "மறிப்பு!" என்று அவளுடைய கூட்டாளிதான் கத்தி எச்சரிக்க வேண்டும். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில், முந்தின வருட நவம்பரில், ஓர் ஆட்டத்தில் யாரும் கத்தவில்லை. ஓடி வந்தவளின் தலை டார்லிஸின் தாடையில் மோதியது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் எல்லோரும் பன்றித் தொடை சாப்பிட, கம்பியால் கட்டிய வாயோடு அவள் குழாயில் சூப் உறிஞ்சினாள். கம்பியைக் கழற்றிய டாக்டர், "விளையாடலாம். ஆனா அதே இடத்துல இன்னொரு அடி பட்டா, அப்புறம் ஆயுசுக்கும் கஞ்சிதான்" என்றார்.

அவளுக்குப் பதில் நிற்க எங்கள் சின்னப் பள்ளியில் ஆள் இல்லை. பிப்ரவரியில், மாவட்ட இறுதி ஆட்டத்தில், அவளே நின்றாள். ஜெயித்தால் டி மோய்ன் நகரத்தில் மாநிலப் போட்டி. பனியில் நனைந்த கோட்டுகளின் நாற்றம். கூரையை இடிக்கும் கூச்சல். அந்தக் கூச்சலில் யார் எச்சரித்தாலும் பாதி நேரம் காதில் விழாது என்பது டார்லிஸுக்கு உள்ளே நுழைந்தவுடனேயே தெரிந்துவிட்டது.

எதிரணியான எல்ம்ஹார்ட் பள்ளியில் லவோனுக்குக் காவல் நின்றவள் கிளாரிஸ் வோல்ட். பால்பண்ணைக்காரர் மகள்; அகன்ற தோள். "என்ன தாடைக்காரி, சூப் கொண்டு வந்தியா?" என்றுதான் ஆட்டத்தையே தொடங்கினாள்.

முதல் பாதியில் டார்லிஸ் போய் நிற்பாள். கிளாரிஸ் நெருங்கும்போது டார்லிஸின் இடுப்பு தானாக விலகும். நகர்ந்துகொண்டே மறித்தால் ஃபவுல். நான்கு முறை விசில் அடித்தார்கள். ஐந்தாவது என்றால் வெளியே.

இடைவேளையில் லவோன் தண்ணீர்க் குவளையை பெஞ்சில் வைத்த வேகத்தில் பாதி கொட்டியது. "நீ நிக்கறியா, டான்ஸ் ஆடறியா?"

"முடியலடி. அவ பாக்காம வர்றா."

"பாத்துட்டு வந்தா அப்புறம் நீ எதுக்கு?"

இரண்டாம் பாதியில் டார்லிஸ் நிற்கவே இல்லை. மறிக்கும் இடத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். பயம் தாங்காமல் திரும்பிக் கூடையை நோக்கி ஓடினாள். ஆனால் அதற்குள் எதிரணியில் ஒருத்தி "மறிப்பு!" என்று கத்தியிருந்தாள். கிளாரிஸோடு டார்லிஸுக்குக் காவல் நின்றவளும் சேர்ந்து லவோன்மேல் பாய்ந்திருந்தாள். லவோன் பந்தை வீசினாள். கூடைக்கடியில் டார்லிஸ் தன்னந்தனியாக நின்று போட்டாள்.

அடுத்த தடவை அவள் கோட்டோரம் வந்தபோது கோச் ரைன்கே கத்தினார்: "யாரு சொல்லிக் கொடுத்தா அத?"

"யாரும் இல்ல சார். பயந்து ஓடினேன்."

"அப்ப இன்னும் நல்லா பயப்படு!"

இன்னும் மூன்று முறை அது பலித்தது. ஊர் எழுந்து நின்று கை தட்டியது. ஐந்தாம் முறை கிளாரிஸ் ஏமாறவில்லை. டார்லிஸ் ஓடிய வழியிலேயே கையை நீட்டிப் பந்தைப் பறித்தாள்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோச் ஆட்டத்தை நிறுத்தி அழைத்தார்.

"இனிமே ஓடினா எடுபடாது டார்லிஸ். நிக்கணும்."

அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள். லவோன் அதைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "நீ நின்னா நான் போடறேன். ஓடறதா இருந்தா சொல்லிட்டு ஓடு, நான் வேற ஏதாவது பாக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

டார்லிஸ் தாடையிலிருந்து கையை எடுத்தாள்.

லவோன் கைக்குப் பந்து வந்தது. டார்லிஸ் தன் இடத்துக்குப் போனாள். கிளாரிஸ் அவள் ஓடட்டும் என்று அரைக் கணம் காத்திருந்தாள். டார்லிஸ் ஓடவில்லை. லவோன் ஒரு தட்டுத் தட்டிப் புறப்பட்டாள். அப்போதுதான் கிளாரிஸுக்கு உறைத்தது. பந்தைப் பார்த்தபடி முழு வேகத்தில் பாய்ந்தாள். யாரும் கத்தவில்லை. டார்லிஸ் கண்ணை மூடவில்லை. முகவாயை மட்டும் தோளுக்குள் இறக்கிக்கொண்டாள். பாதம் அசையவில்லை.

மோதிய சத்தம் ஸ்கோர் மேஜை வரைக்கும் கேட்டது. இருவரும் தரையில் சரிந்தார்கள். அதற்கப்புறம் எழுந்த இரைச்சலில், பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. டார்லிஸுக்கு மட்டும் தெரியவில்லை. மல்லாந்தபடி தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லவோன் ஓடி வந்து மண்டியிட்டாள்.

"பல்லு இருக்கா பாருடி."

"வாயத் திற... எல்லாம் இருக்கு."

கிளாரிஸ் முழங்காலில் எழுந்து, நெற்றியைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "நீ ஓடிருவன்னுதான் நெனச்சேன்."

டார்லிஸ் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.