மாமியாரின் அட்டையில் மருமகன்

2007ஆம் ஆண்டு மே மாதம் ஹயாத்து முகம்மதுவின் பொறுப்பில் நான்கு இணைப்பு மென்பொருட்கள் இருந்தன. அவருக்கு வயது முப்பத்தாறு. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலியிலிருந்து ஒரு பையோடு புத்தளம் வந்தவர். அகதி முகாமில் நடந்த கணினி வகுப்பில் தொடங்கி, பெரிய நிவாரண நிறுவனமொன்றின் புத்தளம் அலுவலகத்தில் தரவுப் பொறுப்பாளராகியிருந்தார்.

அந்த நிறுவனத்தில் உலர் உணவுப் பிரிவும் வீடமைப்புப் பிரிவும் மருத்துவப் பிரிவும் தனித்தனி மென்பொருள் வாங்கியிருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்க ஒவ்வொரு பிரிவும் ஓர் இணைப்பை எழுதுவித்தது. கொழும்புத் தலைமையகம் நான்காவதை எழுதியது. எந்த இணைப்பு எதை மாற்றலாம், இரண்டு முரண்பட்டால் எதன் சொல் செல்லும் என்று தீர்மானிப்பது ஹயாத்துவின் வேலை. முப்பத்தொரு பக்க விதிக்கோவை எழுதினார். எவரும் கையால் எதையும் திருத்தக்கூடாது. ஓர் இணைப்பை நிறுத்த மூன்று பிரிவுத் தலைவர்களும் கையொப்பமிட வேண்டும். எழுத ஆறு மாதம் பிடித்தது. அதைப் பிறரை வாசிக்கவைக்க ஒரு வருடமாக முயன்றுகொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை றஹ்மத் உம்மா வந்தார். முகாமில் வாழும் விதவை. மகள் உம்மு குல்சூமுக்குக் கலியாணமாகி மூன்று மாதம். கல்வீடு பெறுவோர் பட்டியலில் றஹ்மத் உம்மாவின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. பட்டியல் மறுநாள் நண்பகல் பூட்டப்படும். உறவில்லாத இருவர் ஒரே குடும்ப அட்டையில் இருப்பதாகக் காரணம் சொன்னார்களாம்.

“மகன், உங்கட மெசின் என்ட மகளக் கற்பிட்டிக்கு அனுப்பிட்டு, மருமகன மட்டும் என்னோட குடியிருத்தி வெச்சிரிக்கி. இந்த வயசுல எனக்கு இது தேவையா?”

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரித்தாள். ஹயாத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவைத் திறந்ததுமே பிழை விளங்கிவிட்டது. பாதிப் பிழை அவருடையது.

இங்கே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவார். ஹயாத்துவும் கனமூலையில் மனைவி வீட்டில்தான் இருந்தார். அதனால் வீடமைப்பு இணைப்புக்கு, கணவனை மனைவியின் அட்டைக்கு மாற்று என்று விதி எழுதினார். உணவுப் பிரிவு தன் இணைப்பைக் கொழும்பில் எழுதுவித்தது. அங்கே மனைவியைக் கணவனின் அட்டைக்கு மாற்றினார்கள். இரு தரப்பும் மற்றவரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விடயமாக எவருக்கும் தோன்றவில்லை. இரண்டு இணைப்புகளும் தினமும் மாலை ஆறு மணிக்கு ஓடின. மாப்பிள்ளை ஸலாஹுதீன் மாமியாரின் அட்டைக்கு வந்தார். குல்சூம் கற்பிட்டியில் கணவனுடைய தாயின் அட்டைக்குப் போனாள். மகள் இல்லாத அட்டையில் மாமியாருக்கும் மருமகனுக்கும் உறவே இல்லை.

இப்படிப் பிரிந்தவர்கள் நாற்பத்தேழு சோடிகள்.

கையால் திருத்தினாலும் ஆறு மணிக்கு உணவு இணைப்பு மறுபடி பிரித்துவிடும். அதை நிறுத்தியாக வேண்டும். இரண்டு கையொப்பங்கள் தொலைநகலில் வந்தன. உணவுப் பிரிவுத் தலைவர் நான்கு மணிக்குத்தான் தொலைபேசிக்கு வந்தார். முறைப்பாட்டை எழுதி அனுப்பும்படியும், குழு இருபத்தெட்டாம் திகதி கூடும் என்றும் சொன்னார்.

“பட்டியல் நாளைக்குப் பூட்டுறாங்க, சேர்.”

“விதி நீங்க எழுதினதுதானே, ஹயாத்து.”

ஹயாத்து ரிசீவரை வைத்தார். இணைப்பை நிறுத்தினால் அன்று பதிந்த பதினொரு குடும்பங்கள் நாளைய உணவுப் பட்டியலில் வராது. அவர்களுக்குக் கையால் உணவுத் துண்டு எழுதும்படி தட்டச்சுப் பெண்ணிடம் சொன்னார். ஐந்து நாற்பதுக்குத் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து உணவு இணைப்பை நிறுத்தினார். ஒவ்வொரு சோடியாகச் சேர்த்து முடிக்க எட்டு மணியானது. பதிவேட்டில் எழுதினார்: கையொப்பம் இரண்டு, நிறுத்தியவர் ஹயாத்து முகம்மது.

றஹ்மத் உம்மா இன்னும் கதிரையில் இருந்தார்.

“இப்ப ஆரு ஆரோட இரிக்கிற, மகன்?”

“மகளும் மருமகனும் உங்களோடதான், உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப சமையல் எனக்குத்தான்.”

மறுநாள் அந்த நாற்பத்தேழு குடும்பங்களையும் சேர்த்துப் பட்டியல் பூட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை முதல் நான்கு இணைப்புகளும் தலைமையகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும். ஹயாத்து முகம்மது கூடாரத் தறப்பாள் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர வேண்டும்.